வலைக்கு எட்டாத கூன்

வீச்சுவலையின் ஓரத்தில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகள் கையில் எடுத்தால் கனக்கும். வலை விரிந்தபடி அடிக்குப் போவதற்கு அந்தக் கனம்தான் வேண்டும். அதே ஈயம் தண்ணீரில் கரைந்து மீனின் உடம்புக்குள் போனால் முதுகெலும்பையே கோணலாக்கிவிடும்.

1976 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக்காக, ட்ரௌட் மீன்களை மூன்று தலைமுறைக்கு ஈயம் கலந்த நீரில் வளர்த்தார்கள். லீற்றருக்கு 119 மைக்ரோகிராம் ஈயம் இருந்த தொட்டியில் இரண்டாம் தலைமுறையில் 34 வீதமான மீன்களுக்கு முதுகு கோணியது. 235 மைக்ரோகிராம் தொட்டியில் ஒன்றும் தப்பவில்லை. ஒரு கிராமை நாலாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறைவிடவும் இது சற்றுக் குறைவு.

கட்மியத்தின் வழி இன்னும் தந்திரமானது. மீன் தனக்கு வேண்டிய கல்சியத்தைத் தீனியிலிருந்து மட்டும் எடுப்பதில்லை. தண்ணீரிலிருந்து செவுள் வழியாகவும் இழுத்துக்கொள்கிறது. கட்மியம் அளவில் கல்சியத்தை ஒத்தது. ஆகவே அதே வாசலால் நுழைந்து, கல்சியத்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது. எலும்பு வலுவிழக்கும், வாலை வீசி நீந்தும் தசைகளோ இழுப்பதை விடா, முதுகு வளையும். கல்சியம் நிறைந்த கடின நீரில் வாசலுக்குப் போட்டி அதிகம், தாக்கம் குறைவு. மென்னீரில் வாழும் நன்னீர் மீனுக்குத்தான் ஆபத்து கூட.

சிலாபத்துக்கு வடக்கே கடலில் விழும் தெதுறு ஓயா ஏறத்தாழ 142 கிலோமீற்றர் ஓடி வருகிறது, பெரும்பகுதி குருநாகல் மாவட்டத்து வயல்களையும் தென்னந்தோட்டங்களையும் கடந்து. பொஸ்பேற்று உரத்தில் கட்மியம் சிறிதளவு கலந்திருப்பது உலகறிந்த சங்கதி. இத்தகைய உலோகங்கள் ஆற்றில் பெரும்பாலும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மணல் அள்ளும்போது அந்தச் சேறு கிளறப்படும். முகத்துவாரத்தில் உப்பு ஏறியதும் கட்மியத்தின் ஒரு பங்கு சேற்றை விட்டு மீண்டும் நீரில் கரையும். ஆனால் அங்கே உப்பின் குளோரைட்டு அதைப் பிணைத்துக்கொள்வதால் செவுளுக்குள் புகுவது குறைகிறது. எனவே ஆற்று மீனுக்கும் களப்பு மீனுக்கும் ஒரே தராசு போட முடியாது.

சந்தைக் குவியலில் ஒரு கூனல் திலாப்பியா கிடந்தால் உடனே உலோகத்தின் மேல் பழி போடுவதும் அவசரம். முட்டைப் பருவத்தில் ஏறிய வெப்பம், ஒட்டுண்ணி, பூச்சிகொல்லி, நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம், பண்ணையில் விற்றமின் சி குறைந்த தீனி என எதுவும் முதுகை வளைக்கும். இதன் மறுபக்கத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை: நேரான மீன் சுத்தமான நீருக்குச் சாட்சியாகுமா?

ஆகாது என்று காட்டியது அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பெலூஸ் ஏரி. 1970களில் அனல் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் நீர் அதில் கலந்தது. அதிலிருந்த செலீனியம், கண்டிப்பாகச் சொன்னால் உலோகமல்ல, தாய்மீனை விட்டுவிட்டு முட்டையின் மஞ்சட்கருவில் சேர்ந்தது. பார்வைக்குக் குறையில்லாத மீன்கள் முட்டையிட்டன. குஞ்சுகள் கோணிப் பிறந்து மடிந்தன. 20 இனங்களில் 19 அற்றுப்போயின.

புத்தளம் மாவட்டத்திலும் நிலக்கரி எரிகிறது. நுரைச்சோலையின் 900 மெகாவாற்று லக்விஜய நிலையம் 2011 இல் முதன்முதலாக மின்சாரம் தந்தது. பருவக்காற்றில் பறக்கும் தூசி பற்றி அயலவர் முறையிடுகிறார்கள். அது கடல்நீரால் குளிரூட்டப்படும் நிலையம், ஏரிக்கரையில் நிற்பதல்ல. ஆகவே பெலூஸை அப்படியே இங்கே பொருத்துவது நியாயமாகாது. ஆனால் எந்த வயது மீனைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஏரியிடம் கற்கலாம்.

வளைந்த குஞ்சால் வேகமாக நீந்த முடியாது. விரால் விழுங்கும், கொக்கு கொத்தும். சந்தைவரை வரும் கூனல் தப்பிப் பிழைத்த சிலவற்றில் ஒன்றுதான். அதனால் ஆய்வாளர்கள் கரையோரப் புல்லில் ஒதுங்கும் நகம் நீளக் குஞ்சுகளைப் பிடிக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் சதை கண்ணாடிபோல் தெளியும்வரை இரசாயனத்தில் ஊறவைத்து, அலிசரின் சாயம் ஏற்றுகிறார்கள். எலும்பு மட்டும் சிவக்கும். பூதக்கண்ணாடிக்கடியில் ஊசிநுனி அளவான முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும்: இரண்டு ஒட்டியிருக்கும், ஒன்று நசிந்திருக்கும், வாலருகே வரிசை பக்கவாட்டில் விலகியிருக்கும்.