திருத்தணி எப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தது?

முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதாகச் சொல்லப்படும் திருத்தணி, 1953 அக்டோபர் 1 முதல் 1960 மார்ச் 31 வரை ஆந்திரத்தில் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறுகிற இளைஞர்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். சென்னையிலிருந்து 85 கிலோமீட்டர் அளவில், ரயிலேறினால் அரக்கோணம் தாண்டியதும் வந்துவிடுகிற ஊர் இது. ஆனால் அந்த ஆறரை ஆண்டுகளும் அதன் தலைநகர் முதலில் கர்நூல், பிறகு ஹைதராபாத். 1954இல் ஆந்திர உயர் நீதிமன்றம் குண்டூரில் அமைந்தது. மேல்முறையீடு என்றால் திருத்தணிக்காரர் பக்கத்திலிருக்கும் சென்னையை விட்டுவிட்டுக் குண்டூருக்குப் போக வேண்டும்.

இந்த நிலை எப்படி வந்தது என்று அறிய 1911க்குப் போக வேண்டும். அதுவரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் தலைமையிடமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டின் வடபகுதியையும் கடப்பை மாவட்டத்தின் சில தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உட்பட்டிருந்த திருத்தணியும் அதில் சேர்ந்தது. எல்லாமே சென்னை மாகாணம் என்பதால் அன்று யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜமீன்தார் குடும்பம் தெலுங்கு பேசியது, குடிகளில் பெரும்பாலோர் தமிழ் பேசினார்கள், சந்தையில் இரண்டும் புழங்கின. நிர்வாக வசதிக்காக ஒரு கலெக்டர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய தாலுகா, நாற்பது ஆண்டு கழித்து மாநிலமே மாறிப்போகும் என்று அப்போது எவர் நினைத்திருப்பார்?

1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்தார். நான்கு நாளில், தெலுங்கு மக்களுக்கெனத் தனி மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்று ஒருபுறமும், ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று மறுபுறமும் முழக்கம் எழுந்தது. எல்லோர் கவனமும் சென்னை நகரத்தின்மேல் இருந்தது. 1953 மார்ச்சில் சென்னை தமிழர்களுக்கே என்று முடிவானபோது, சித்தூர் மாவட்டம் முழுசாக ஆந்திரத்தோடு போவதும் சேர்ந்தே முடிவாகிவிட்டது.

இங்கேதான் பெரிய அநீதி நடந்தது என்பது என் கருத்து. அதே நேரத்தில் பெல்லாரி மாவட்டத்தைத் தாலுகா வாரியாகப் பார்த்தார்கள். ஆதோனி, ஆலூர், ராயதுர்கம் மூன்றும் ஆந்திரத்துக்கு, மற்றவை மைசூருக்கு. சித்தூரில் மட்டும் மாவட்டமே அலகு. மாவட்டம் என்பது ஆங்கிலேயர் தம் வசதிக்கு வரைந்த கோடு. அதை மொழி மாநிலத்துக்கு அளவுகோலாக எடுத்தால் தமிழர் நிறைந்த தாலுகாவும் மறுபக்கம் போய்விடும். திருத்தணிக்கு நேர்ந்தது அதுதான்.

இதை முதலில் உணர்ந்தவர் அரசியல் தலைவரல்ல, ஒரு தமிழாசிரியர். வடக்கெல்லைக் கிராமங்களில் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார், இப்பகுதித் தமிழரின் நிலையைச் சென்னையில் ம.பொ.சிவஞானத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ம.பொ.சி. 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கியிருந்தார்; ‘வேங்கடத்தை விடமாட்டோம்’ என்பது அவருடைய முழக்கம். திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகம் உள்ளூரில் இயக்கத்தைக் கட்டி நடத்தினார். பொதுக்கூட்டம், கடையடைப்பு, ரயில் மறியல், சிறை என்று 1953இல் திருத்தணி கொதித்தது. தடையை மீறியதற்காக ம.பொ.சி.யும் சிறை சென்றார். அவரைத் தமிழ்நாடு நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. மங்கலங்கிழாரைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை என்பது வருத்தம் தருகிறது. இந்த ஊரின் வரலாற்றில் அவருக்குத்தான் முதல் இடம்.

தமிழர் தரப்பு வாதத்தில் இரண்டு இழைகள் இருந்தன. ஒன்று பழைமை. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்கிறது. ஆகவே திருப்பதி வரை தமிழர் நிலம். திருத்தணிக்கும் அப்படிப்பட்ட சான்று இருக்கிறது: இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட பல்லவன் அபராஜிதவர்மன் காலத்துக் கல்வெட்டு, தமிழ்ச் செய்யுளாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு இழை மிகச் சாதாரணமானது: இன்று இந்தக் கிராமத்தில் யார் என்ன மொழி பேசுகிறார்கள்?

இரண்டாவது இழைதான் ஜெயித்தது. இரு மாநிலங்களுக்கும் நடுவராக, மத்திய அமைச்சராக இருந்த ஹரி விநாயக் படாஸ்கர் அமர்த்தப்பட்டார். அவர் கையாண்ட முறை எளிமையானது. மாவட்டமோ தாலுகாவோ அல்ல, கிராமமே அலகு. அந்தக் கிராமத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, அது எந்த மாநில நிலத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறது என்று பார்ப்பது. பிற்காலத்தில் கர்நாடகத்தோடு எழுந்த பெல்காம் தகராறில் மகாராஷ்டிரம் கேட்டதும் இதே ‘படாஸ்கர் சூத்திர’த்தைத்தான். இந்த அளவுகோலால் திருத்தணி வந்தது, திருப்பதி வரவில்லை. இலக்கியச் சான்று எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஊரில் வாழ்கிறவர்கள் பேசும் மொழியே அவர்கள் எந்த நிர்வாகத்தின்கீழ் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். திருப்பதியை இழந்த வருத்தம் தமிழர்க்கு நியாயமானதே. ஆயினும் அந்த முறை சரியானது என்றே நினைக்கிறேன்.

படாஸ்கர் பரிந்துரையை இரு அரசுகளும் ஏற்றன. சென்னையில் காமராஜர், ஹைதராபாத்தில் நீலம் சஞ்சீவ ரெட்டி. இரண்டும் காங்கிரஸ் அரசுகள் என்பதும் உதவியிருக்கும். 1959இல் நாடாளுமன்றம் ஆந்திரப் பிரதேச, சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவும், புத்தூர், சித்தூர் தாலுகாக்களின் சில பகுதிகளும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. வந்தது 405 சதுர மைல். பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து 326 சதுர மைல் ஆந்திரத்துக்குப் போனது. இன்றைய சத்தியவேடு வட்டாரம் அப்படிப் போனதுதான். திருத்தணி செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்து, 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அதற்குள் வந்தது.

அந்தச் சட்டம் நிறைவேறியபோது மாநிலங்களவைத் தலைவராக இருந்தவர் துணைக் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் 1888இல் திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். இந்த ஊர் இரு மொழிக்கும் எவ்வளவு சொந்தம் என்பதற்கு அவரைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

உலகின் வேறு இடங்களில் இதே போன்ற தகராறு எப்படி முடிகிறது என்று பார்த்தால் திருத்தணியின் அருமை புரியும். சோமாலியாவின் வறண்ட நிலத்தில் லாஸ் அனோத் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. பிரிட்டிஷ் சோமாலிலாந்து, இத்தாலிய சோமாலிலாந்து என்று ஐரோப்பியர் வரைந்த பழைய எல்லையை அடிப்படையாகக் கொண்டு, தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து அந்த ஊரைத் தனதென்கிறது. அங்கு வாழும் துல்பகந்தே இனக்குழுவின் உறவு முறையைக் காட்டிப் பக்கத்துப் புந்த்லாந்து மாநிலமும் உரிமை கேட்டது. 2007இல் சோமாலிலாந்துப் படை ஊரைப் பிடித்தது. 2023இல் மாதக்கணக்கில் நடந்த சண்டையில் ஊர் சிதைந்தது, மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினார்கள். ஆகஸ்டில் உள்ளூர்ப் படைகள் சோமாலிலாந்துப் படையை விரட்டின. அங்கும் காலனியாட்சி வரைந்த கோடுதான் வினை. ஆனால் இரு தரப்பும் ஏற்கும் ஒரு நடுவர் இல்லை, கிராமம் கிராமமாகக் கேட்டு முடிவெடுக்க ஒரு முறையும் இல்லை.

திருத்தணியில் எல்லை தீர்ந்தது; எல்லையோரத்து மனிதர்களின் சிக்கல் முழுசாகத் தீரவில்லை. கிராமத்தை அலகாக்கினாலும் அதற்குள் சிறுபான்மை இருக்கத்தானே செய்யும். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வந்தபின், தெலுங்கு வழியில் படித்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் எழுதுவதிலிருந்து விலக்குக் கேட்டு மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மறுபக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழாசிரியரும் தமிழ்ப் பாடநூலும் வேண்டும் என்று பெற்றோர் கேட்டபடி இருக்கிறார்கள்.

எல்லைப் போரில் சிறை சென்றவர்களுக்குத் தமிழக அரசு எல்லைக் காவலர் என்ற பெயரில் மாத உதவித்தொகை அளிக்கிறது. அவர்களில் இன்று உயிரோடிருப்பவர் மிகச் சிலரே. மங்கலங்கிழார் செய்த வேலைக்கு, ஒரு கிராமத்துப் பிள்ளை தன் தாய்மொழியில் எழுதப் படிக்க வேண்டும் என்ற வேலைக்கு, இரண்டு அரசுகளும் ஆளுக்குப் பாதி செலவு செய்து ஆசிரியர்களைப் பரிமாறிக்கொள்ளலாம். திருத்தணிக்கும் நகரிக்கும் இடையே பேருந்து நாள் முழுக்க ஓடுகிறது. அதிலேறி ஓர் ஆசிரியர் போய்வருவது கடினமான காரியமல்ல.