உங்களுக்குத் தெரியுமா? ஊவா மலையில் ஒரு பிலிம் ரோல்

கோப்பியில் கழுவலாம்

கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவ கடையில் விற்கும் டெவலப்பர்தான் வேண்டும் என்றில்லை. இன்ஸ்டன்ட் கோப்பித்தூள், சலவைச் சோடா, விற்றமின் சி இருந்தால் போதும். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1995-இல் பேராசிரியர் ஸ்கொட் வில்லியம்ஸும் மாணவர்களும் கோப்பியும் சோடாவும் கலந்து தொடங்கிவைத்த வித்தை இது. விற்றமின் சி பிறகு சேர்ந்தது. கெஃபினோல் என்கிறார்கள். பலரும் பின்பற்றும் அளவு: ஒரு லீற்றர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், கோப்பித்தூள் 40 கிராம், 20 பாகை செல்சியஸில் 15 நிமிடம். படத்தை வெளிக்கொண்டு வருவது கஃபீன் அல்ல, கோப்பியில் உள்ள கஃபீயிக் அமிலம். ஆகவே விலை கூடிய அரபிக்கா தேவையில்லை, மலிவான ரொபஸ்டாத் தூள்தான் நன்றாக வேலை செய்யும். நாற்றம் மட்டும் சகிக்காது. குசினியை விட்டு விரட்டினால் இந்தப் பத்தி பொறுப்பல்ல. கழுவி முடிந்ததும் ஹைப்போவில் போடாவிட்டால் படம் நிற்காது, அதை மட்டும் கடையில்தான் வாங்கவேண்டும்.

தேயிலைச் சாயத்திலும் கழுவலாமா? கழுவலாம். நேரம் கூட எடுக்கும், பிலிமில் கறையும் பிடிக்கும். ஆனாலும் ஊவாவில் இருந்துகொண்டு இரண்டையும் செய்து பார்க்காமல் விடுவது நியாயமில்லை. இலங்கையின் கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட இலைத்துரு நோய் 1869-இல் முதன்முதலாகக் கண்ணில் பட்டதே நம் மடுல்சீமைப் பக்கத்தில்தான்.

பைப் தண்ணீர் செய்யும் உபகாரம்

கறுப்பு வெள்ளைக்கு 20 பாகைதான் பொதுக்கணக்கு. கொழும்பில் ஐஸ் கட்டி போட்டு அந்த நிலைக்குக் கொண்டுவரவேண்டும். தண்ணீர் அதிகம் சூடானால் பிலிமின் ஜெலற்றின் பூச்சு இளகிவிடும். 1,200 மீற்றருக்கு மேலே இருக்கும் பண்டாரவளையிலும், இன்னும் உயரத்தில் உள்ள அப்புத்தளையிலும் இந்தத் தொல்லை குறைவு. பதுளை நகரம் 700 மீற்றருக்கும் கீழே இருப்பதால் பங்குனி, சித்திரையில் கவனம். கலர் பிலிம் வேறு கதை, அதற்கு 38 பாகை. வாளியில் சுடுதண்ணீர் வையுங்கள்.

சவப்பெட்டியோடு வந்த கமராக்காரி

உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் நம் மலைநாட்டு மண்ணில் புதைக்கப்பட்டவர். 48 வயதில் மகள் பரிசளித்த கமராதான் அவருடைய முதல் கமரா. கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875-இல் இலங்கைக்கு வந்தார். வரும்போதே தமக்கும் கணவருக்கும் சவப்பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்பது பலரும் எழுதிய செய்தி. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார், கல்லறை பொகவந்தலாவ சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது. அவர் இலங்கையில் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள், ஆனால் அந்த முகங்களுக்குப் பெயர் இல்லை. அதே அம்மையார் இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் எடுத்த படங்களுக்குப் பெயர் உண்டு.

பனிமூட்டம் கமராவை ஏமாற்றும்

லிப்டன் சீட்டில் காலை ஆறு மணி. எங்கும் வெள்ளை. கமராவின் மீற்றர் அந்த வெள்ளையைப் பார்த்து "வெளிச்சம் தாராளம்" என்று முடிவு கட்டி ஒளியைக் குறைத்துவிடும். படம் வரும்போது பனி சாம்பலாகவும் கொழுந்துக் கூடைகள் கரிக்கட்டையாகவும் இருக்கும். மீற்றர் சொல்வதைவிட ஒரு ஸ்டொப் கூடுதலாகத் திறந்து எடுங்கள். மீற்றரே இல்லாத கமரா என்றாலும் பயமில்லை. நல்ல வெயிலில் அபேச்சர் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்ட. நூறு ஐஎஸ்ஓ என்றால் 1/125. இந்தக் கணக்கு எந்தப் பற்றரியையும் நம்பியதில்லை.

கறுப்பு வெள்ளையில் தேயிலை மலை வெளிறித் தெரியவேண்டுமா? மஞ்சள்-பச்சை பில்டர். இருண்டு நிற்கவேண்டுமா? சிவப்பு பில்டர்.

தலை குனிந்து எடுக்கும் படம்

லயனல் வென்ற் (1900-1944) இலங்கைப் புகைப்படக் கலையின் பெரிய பெயர். தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டு 1934-இல் வெளியான 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் கேட்பது அவருடைய குரல். அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் 1929-இல் சந்தைக்கு வந்த இரட்டை லென்ஸ் கமரா. வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்த்து எடுப்பது. கண்ணுக்கு நேரே எதையும் நீட்டுவதில்லை என்பதால், வெட்கப்படும் ஆச்சிமாரை எடுக்க இதைவிட நல்ல கமரா கிடையாது என்பது என் கட்சி. யஷிக்கா மெற் இதே சாதி, விலையும் குறைவு. 120 ரோலில் 12 படம். அந்த ரோலைக் கொடக் 1901-இல் தொடங்கியது, இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

ஒன்று மட்டும்: மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவரை "இங்கே பாருங்க அக்கா" என்று நிறுத்தாதீர்கள். நிறையில் குறைந்தால் சம்பளத்தில் குறையும். மாலையில் லயத்து வாசலில் கேட்டு எடுங்கள்.

கோச்சி வரும் வரை

பண்டாரவளைக்கு 1894-இல் வந்த ரயில் பாதை பதுளையைத் தொட 1924 ஆனது. இடையில் 1921-இல் தெமோதர. அங்கே பாதை சுற்றி வந்து நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும். எல்லவுக்கும் தெமோதரவுக்கும் நடுவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் கல், செங்கல், சீமெந்தால் எழுந்தது, உருக்குச் சட்டகம் இல்லை. பாலத்தில் கோச்சி ஆறுதலாகத்தான் போகும், 1/125 போதும். 36 படத்தில் 30-ஐப் பாலத்துக்கே செலவழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

தோல் பையில் வைக்காதீர்கள்

பழைய கமராவுக்கு மலைநாட்டில் முதல் எதிரி பூஞ்சணம். லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரிப் படரும். விட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அழகான தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அதுதான் அதற்கு நல்ல வீடு. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். ஈரம் போக்க அரிசிப் பானைக்குள் வைக்கவேண்டாம், கமராவுக்குள் தூசி போகும்.

துணி ஷட்டர் உள்ள பழைய லைக்கா வகைகளை மூடி போடாமல் சூரியனைப் பார்க்க வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடியாகித் துணியில் ஓட்டை போட்டுவிடும்.

முதல் படம் எதற்கு?

1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கு வைத்தது. போவதற்குக் கடவுச்சீட்டு, அதற்கு ஒரு படம். இருப்பவருக்கு 1972 முதல் அடையாள அட்டை, அதற்கும் ஒரு படம். கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ அல்லாமல் கந்தோருக்காக ஸ்டூடியோ படி ஏறியவர்கள் நிறையப் பேர்.

போனவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். 1967 முதல் அதே மலையில், ஊட்டியில், இந்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்துக்கொண்டிருந்தது. தூசு குறைந்த குளிர்ந்த காற்று வேண்டும் என்பதாலேயே பிலிம் ஆலைக்கு மலை தேவைப்பட்டது.

அலுமாரியில் கிடக்கும் கமராவைத் திறக்காதீர்கள்

தாத்தாவின் கமரா கிடைத்தால் முதலில் பின்கதவைத் திறந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. உள்ளே ரோல் இருக்கலாம். 35 மில்லிமீற்றர் கமரா என்றால், ரீவைண்ட் பிடியை மெல்லச் சுற்றுங்கள். இறுக்கம் தெரிந்தால் பிலிம் இருக்கிறது. வட துருவத்துக்கு பலூனில் புறப்பட்ட சுவீடன்காரர் அந்திரேயின் குழு 1897-இல் எடுத்த பிலிம் 1930-இல் பனித்தீவொன்றில் கிடைத்தது. 240 படங்களில் 93-ஐ மீட்டார்கள். ஊவாவின் ஈரம் அவ்வளவு கருணை காட்டாது. ஆனாலும் கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கும் சொல்லிவையுங்கள்: கழுவாத பிலிமைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவந்து, விமான நிலையத்தில் கையால் சோதிக்கக் கேட்கவேண்டும். புதிய சி.ரி. (CT) ஸ்கேனர்கள் பிலிமைப் புகைமூட்டம் ஆக்கிவிடும்.

கடைசியாக, ஒரு பென்சில்

1983 ஜூலையில் பதுளை எரிந்தபோது வீடுகளோடு ஆல்பங்களும் போயின. மிஞ்சிய படங்களில் யார், எந்தத் தோட்டம் என்று சொல்ல இப்போது பலர் இல்லை. ஆகவே பிரிண்ட் போட்டதும் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுங்கள்: பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு. போல்பொயின்ற் வேண்டாம், அது முன்பக்கம் பதியும். எழுதி முடித்ததும் படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.