மரத்தரையில் அப்பிய பழைய பாலிஷ்: தண்ணி ஊத்தி தேய்க்காதீங்க!

ஊட்டி,

ஊட்டி, குன்னூர் பகுதிகளில் உள்ள பழைய பங்களாக்களில் இன்றும் மரப்பலகை தரைகள் உள்ளன. பழைய பாலிஷ் மேலேயே மறுபடி மறுபடி பாலிஷ் போடுவதால் அது தடித்து, அழுக்கு சேர்ந்து கருத்துப் போகிறது. காலில் பிசுபிசு என்று ஒட்டும். சில இடங்களில் வழுக்கி ஆளையே கவிழ்த்து விடும்.

பலர் உடனே வாளியில் சோப்புத்தண்ணியைக் கலக்கி ஊற்றுகிறார்கள். மெழுகு தண்ணீரில் கரையாது. இடுக்கில் இறங்கும் தண்ணீரில் பலகை உப்பி நெளிந்து விடும்.

என்ன பாலிஷ்?

முதலில் கதவு மறைவில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் டர்பன்டைன் தொட்டுத் தேய்த்தால் பழுப்பாகப் பிசுக்கு வருகிறதா? அது மெழுகு. வராவிட்டால் வேறு துணியில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு வைக்க வேண்டும். பளபளப்பு இளகி ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் வார்னிஷ்.

எடுப்பது எப்படி?

மெழுகுக்கு டர்பன்டைன், அரக்குக்கு ஸ்பிரிட். தரை முழுக்க ஒரேயடியாக ஊற்றக்கூடாது. இரண்டடி இடத்தில் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய இரும்பு நாரால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்த்து, காயும் முன் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றாவிட்டால், எடுத்த மெழுகே திரும்ப அப்பிக்கொள்ளும்.

வார்னிஷ் என்றால் உப்புத்தாள் போட வேண்டியிருக்கும். மரத்தூசி தொடர்ந்து மூக்கில் ஏறினால் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயமும் இருக்கலாம். தூசியைத் தடுக்கும் நல்ல மாஸ்க்கும் கையுறையும் வேலை கொடுப்பவரிடம் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

உஷார்!

மலைக்குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடி, கரி அடுப்பை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஸ்பிரிட்டும் டர்பன்டைனும் குப்பென்று பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட்டும் கூடாது.

துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் நெருப்பு வைக்காமலே சூடேறி எரியலாம். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போட வேண்டும்.

பாலிஷ் ஸ்பிரிட்டில் கண் பார்வையைப் பறிக்கும் மெத்தனால் இருக்கலாம். குடித்தால் உயிரே போய்விடும். அதைத் தண்ணி பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

பழைய மெழுகு முழுவதும் போய், தரை நன்றாகக் காய்ந்த பிறகே புது பூச்சு போட வேண்டும். மெழுகு மிச்சம் இருந்தால் மேலே அடிக்கும் வார்னிஷ் பிடிக்காமல் உரிந்து வந்துவிடும். கொடுத்த கூலியும் பொருளும் வீண்தான்.