மூடப்போகும் கார்டு: வாங்கலாமா? வேண்டாமா?

"ஏங்க, அந்த விமானக் கம்பெனியே இல்லாமல் போகப் போகிறதாம். அவர்கள் பெயர் போட்ட கார்டு நமக்கு எதற்கு?"

"போகிற வரைக்கும் இலவச டிக்கெட் கொடுப்பார்களே! அதை ஏன் விட வேண்டும்?"

2023-ம் ஆண்டில் விமானத்தில் போய்வரும் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு இருந்தது. மனைவி ஒரு பக்கம். கணவன் ஒரு பக்கம். நடுவே மேஜை மேல் கிரெடிட் கார்டு மனு!

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. யார் சொன்னது பலித்தது? அதைப் பார்க்கும் முன், இது என்ன கார்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரு வீட்டார் அழைப்பு

சாதாரண கிரெடிட் கார்டில் வங்கியின் பெயர் மட்டும் இருக்கும். சில கார்டுகளில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று வங்கி. இன்னொன்று ஒரு கடை, பெட்ரோல் கம்பெனி, அல்லது விமானக் கம்பெனி. கல்யாணப் பத்திரிகையில் "இரு வீட்டார் அழைப்பு" என்று போடுவார்களே, அதுபோல. இதற்குக் "கூட்டுக் கார்டு" என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கடன் கொடுப்பது வங்கி. சலுகை கொடுப்பது கம்பெனி. கார்டைக் காட்டிச் சாமான் வாங்கினால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேர்ந்தால் டிக்கெட் கிடைக்கும், அல்லது விலை குறையும்.

கம்பெனிக்கு ஏன் இந்தத் தாராளம்? கார்டு வைத்திருப்பவர் வேறு கம்பெனிக்குப் போகமாட்டார் அல்லவா! வங்கிக்கும் லாபம்தான். நீங்கள் கார்டைக் காட்டும்போதெல்லாம் கடைக்காரர் கொடுக்கும் கமிஷனில் அதற்குப் பங்கு உண்டு.

இந்த ஒப்பந்தம் வங்கிக்கும் கம்பெனிக்கும் இடையே நடப்பது. அதில் உங்கள் கையெழுத்து இல்லை. அவர்கள் பிரிய முடிவு செய்தால் உங்களைக் கேட்கமாட்டார்கள். கடிதம் மட்டும் வரும்.

விஸ்தாராவின் கதை

மேலே கண்ட கணவன்-மனைவி பேசிய விமானக் கம்பெனி விஸ்தாரா. டாட்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் கூட்டாக நடத்தியது. 2015 ஜனவரி 9-ந் தேதி பறக்கத் தொடங்கியது.

2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் டாட்டா கைக்கு வந்தது. ஒரு முதலாளிக்கு இத்தனை விமானக் கம்பெனிகள் எதற்கு? அதே ஆண்டு நவம்பர் 29-ந் தேதி அறிவிப்பு வெளிவந்தது. விஸ்தாராவை ஏர் இந்தியாவுடன் இணைக்கப் போகிறோம் என்றார்கள்.

அப்போது விஸ்தாரா பெயரில் கூட்டுக் கார்டுகள் இருந்தன. ஆக்சிஸ் வங்கி, எஸ்.பி.ஐ. கார்டு போன்றவை அவற்றை வெளியிட்டிருந்தன. ஆக்சிஸ் கார்டில் மூன்று தினுசு. ஆண்டுக் கட்டணம் ரூ.1,500, ரூ.3,000, ரூ.10,000. இவற்றுக்கு மேல் 18 சதவீதம் வரி. ஆக, சின்னக் கார்டுக்கே ரூ.1,770 ஆகும். பெரிய கார்டுக்கு ரூ.11,800.

கட்டணம் கட்டிச் சேர்ந்தால் ஒரு டிக்கெட் கிடைக்கும். டிக்கெட் இலவசம்தான். ஆனால் அதன் வரிகளை நாம்தான் கட்ட வேண்டும்! (இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆனால் நிற்கிறது.) அதன் பிறகு கார்டில் செலவு செய்யச் செய்ய மேலும் டிக்கெட் உண்டு. பெரிய கார்டில் ஓர் ஆண்டில் 2½ லட்சம் ரூபாய் செலவழித்தால் உயர்ந்த வகுப்பு டிக்கெட் ஒன்று கொடுத்தார்கள்.

முந்தியவரும் பிந்தியவரும்

அறிவிப்பு வந்ததுமே விஸ்தாரா மறைந்துவிடவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓடின. கடைசி விமானம் 2024 நவம்பர் 11-ந் தேதி பறந்தது. மறுநாள் முதல் எல்லாம் ஏர் இந்தியா.

2023 தொடக்கத்தில் கார்டு வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்ததும் ஒரு டிக்கெட் வந்தது. டில்லியில் இருக்கும் மகளைப் பார்க்க எப்படியும் போக வேண்டியவர் அவர். போய்வந்தார். கட்டிய கட்டணம் அதிலேயே கழிந்துவிட்டது. அவருக்கு நஷ்டம் இல்லை. கணவன் சொன்னது அவர் விஷயத்தில் பலித்தது.

இன்னொருவர், செலவு செய்து டிக்கெட் சேர்க்கலாம், வருகிற ஆண்டுகளில் பறக்கலாம் என்று எண்ணி வாங்கினார். அவர் கதி வேறு. 2025 ஏப்ரல் பிறந்தது. செலவுக்குத் தரும் டிக்கெட்டை எஸ்.பி.ஐ. கார்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் நிறுத்தியது. ஆக்சிஸ் கார்டில் ஏப்ரல் 18-ந் தேதிக்குப் பிறகு புதுப்பித்தவர்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் டிக்கெட்டுக்காகச் சேர்ந்தவருக்குக் கையில் மிஞ்சியது வெறும் கார்டு!

சேர்த்த புள்ளிகள் என்ன ஆயின? அவை அழியவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏர் இந்தியாவுக்கு மாறின. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை புள்ளிக்கு இன்ன டிக்கெட் என்று விலை வைப்பது கம்பெனி. புள்ளி அப்படியே இருந்தாலும் அந்த விலையை அது மாற்றலாம்.

அமெரிக்காவில் நடந்தது

மூடப்போகிற கார்டு என்றாலே நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். நேர் எதிராகவும் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் காஸ்ட்கோ என்று ஒரு பெரிய கடை. அரிசி முதல் டயர் வரை மொத்தமாக வாங்கலாம். ஆண்டுச் சந்தா கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அந்தக் கடையும் அமெரிக்கன் எக்ஸ்பிரசும் 16 ஆண்டுகள் கூட்டு. அப்போது அங்கே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தவிர வேறு கிரெடிட் கார்டு செல்லவில்லை.

2015 பிப்ரவரியில் இருவரும் பிரிவதாக அறிவித்தார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் புழக்கத்தில் விட்டிருந்த கார்டுகளில் பத்தில் ஒன்று இந்தக் கூட்டுக் கார்டு. பெரிய பிரிவினைதான்! போகிற கார்டுக்கு மனுப் போடுவதா என்று அங்கேயும் ஜனங்கள் தயங்கினார்கள்.

2016 ஜூன் 20-ந் தேதி கடை சிட்டி வங்கிக்கு மாறியது. பழைய கார்டு வைத்திருந்தவர்கள் புதிதாக மனுப் போட வேண்டியிருக்கவில்லை. புதிய கார்டு தபாலில் வீடு தேடி வந்தது. சலுகையும் கூடியது. கடையில் வாங்கும் சாமானுக்கு முன்பு 1 சதவீதம் திரும்பக் கிடைத்தது. புதிய கார்டில் 2 சதவீதம். பெட்ரோலுக்கு 3 சதவீதமாக இருந்தது 4 ஆயிற்று. தயங்காமல் பழைய கார்டை வாங்கியவருக்கு லாபம்.

ஏன் இந்த வித்தியாசம்? அங்கே கடை நின்றது. வங்கிதான் போனது. நல்ல கடைக்கு வேறு வங்கி ஓடி வரும். விஸ்தாரா விஷயத்தில் வங்கிகள் நின்றன. சலுகை கொடுத்த கம்பெனியின் பெயரே போய்விட்டது.

ஆகவே கார்டு மூடப்போகிறது என்று கேள்விப்பட்டால், "இருவரில் போவது யார்?" என்று முதலில் கேளுங்கள். போவது வங்கியானால், பழைய கணக்குகள் எந்த வங்கிக்கு மாறும் என்று விசாரியுங்கள். போவது கம்பெனியானால், மனுப் போட்ட சில மாதங்களுக்குள் கையில் வரும் சலுகையை மட்டும் கணக்கில் எடுங்கள். அடுத்த ஆண்டு தருவதாகச் சொல்வதை விட்டுவிடுங்கள்.

மூன்றரை வட்டி

சலுகையைத் துரத்தும்போது ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாள் நெருங்குகிறது, அதற்குள் 2½ லட்சம் செலவழிக்க வேண்டும் என்று வேண்டாத சாமானை வாங்கிக் குவிக்கிறவர்கள் உண்டு.

மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. கட்டமுடியாமல் ஒரு லட்சம் நின்றுவிட்டால்? நூற்றுக்கு மாதம் மூன்றரை வட்டி என்பது கிரெடிட் கார்டில் சாதாரணம். ஒரு மாதத்துக்கு ரூ.3,500. அதற்கும் 18 சதவீத வரி ரூ.630. மொத்தம் ரூ.4,130! இப்படி மூன்று மாதம் போனால், அந்தப் பணத்தில் காசு கொடுத்தே டிக்கெட் வாங்கியிருக்கலாம்.

விமானக் கம்பெனி போனாலும் இந்தக் கடன் போகாது. அது வங்கியின் கணக்கில் இருக்கிறது.

வீடு கட்டக் கடன் கேட்க இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. கார்டுக்கு மனுப் போட்டால், வங்கி உங்கள் கடன் சரித்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும். அப்படிப் பார்த்ததும் அங்கே பதிவாகும். குறுகிய காலத்தில் பல மனுக்கள் இருந்தால், "இவருக்குப் பண நெருக்கடியோ?" என்று அடுத்த வங்கி சந்தேகப்படும். ஓர் ஆண்டில் போய்விடும் கார்டுக்காக வீட்டுக் கடனைக் கெடுத்துக்கொள்வதா?

விட்டுவிட நினைத்தால்

கார்டு ஏற்கனவே கையில் இருக்கிறது, இனி வேண்டாம் என்று தோன்றுகிறதா? ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதி உங்கள் பக்கம் இருக்கிறது. பாக்கியைக் கட்டிவிட்டுக் கார்டை மூடச் சொன்னால், 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும். கட்டணத்தை மாற்றுவதானாலும் ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும். அந்த மாற்றம் பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது.

மூடும் முன் மிச்சப் புள்ளிகளைச் செலவழித்துவிடுங்கள். மின்சாரக் கட்டணம், இன்சூரன்ஸ் தவணை போன்றவை அந்தக் கார்டிலிருந்து தானாகப் போகும்படி சொல்லி வைத்திருந்தால், அவற்றை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். இதை மறந்தால் தவணை தவறும். எல்லாம் முடிந்த பிறகு, "பாக்கி இல்லை, கணக்கு மூடப்பட்டது" என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.