இரண்டாவது படகு: ஆற்றுக்கா, கடலுக்கா?

ஒரு படகை வாங்கி, அதை உல்லாசப் பயணிகளுக்கு ஓட்டி, கடனையும் அடைத்து, கையில் கொஞ்சம் மிச்சமும் பார்த்தவருக்கு அடுத்து வருகின்ற யோசனை, 'இன்னொன்று வாங்கினால் என்ன?' என்பதுதான். யோசனை நல்லதே. ஆனால் முதலாவது படகை வாங்கும்போது இல்லாத ஒரு கேள்வி இரண்டாவதை வாங்கும்போது வந்து நிற்கிறது. முதலாவது ஓடுகின்ற ஆற்றிலேயே இதையும் விடுவதா? அல்லது கடலுக்குப் போவதா?

அளுத்கமை, பேருவளைப் பக்கத்தில் பெந்தோட்டை ஆற்றை நம்பியிருப்பவர்களுக்கும், கற்பிட்டியில் களப்பையும் கடலையும் அருகருகே வைத்திருப்பவர்களுக்கும், பொத்துவில் களப்பில் பயணிகளை ஏற்றுபவர்களுக்கும், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஓட்ட நினைக்கும் கிண்ணியா, மூதூர்க்காரருக்கும் இது பொதுவான கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. 'எந்தப் படகு கூடுதலாக உழைக்கும்?' என்று கேட்பதற்கு முன்னர், 'முதலாவது படகு சும்மா கிடக்கும் நாட்களில் இரண்டாவது உழைக்குமா?' என்று கேட்க வேண்டும்.

காற்றுதான் முதல் பங்காளி

நமது நாட்டில் கடல் படகின் வருமானத்தைத் தீர்மானிப்பது முதலாளியல்ல, பருவக்காற்று. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும். கற்பிட்டியில் டொல்பின் பார்க்கும் பயணமும், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பயணமும் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைதான் சூடுபிடிக்கும். கிழக்கில் இதற்கு நேர்மாறு. வாடைக் காற்றுக் காலத்தில் திருகோணமலைக் கடல் மூடிக்கொள்ளும். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியிலும் அறுகம்பையிலும் சீசன்.

ஆறும் களப்பும் இப்படி முற்றாக மூடுவதில்லை. பெந்தோட்டை ஆற்றிலும் பலப்பிட்டி மாதுகங்கையிலும் வருடத்தின் பெரும்பகுதி ஓடலாம். கன மழைக்குப் பின் வெள்ளம் வரும் நாட்கள்தான் தடை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் தென்மேற்கு ஆறுகள் பெருக்கெடுத்ததை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெந்தோட்டை ஆற்றில் ஒரு படகு வைத்திருப்பவர் மேற்குக் கடலுக்கு இரண்டாவது படகை வாங்குகிறார். டிசம்பரில் இரண்டும் ஓடும். ஜூனில் வெளிநாட்டுப் பயணிகள் குறைவதால் ஆற்றுப் படகு பாதி நாள் சும்மா இருக்கும். கடல் படகு முழுதாகக் கரையில் கிடக்கும். அதாவது நல்ல காலத்தில் இரட்டை வருமானம், கெட்ட காலத்தில் இரட்டைச் செலவு. இதைத் தொழிலை விரிவாக்கியதாகச் சொல்லலாம், ஆபத்தைப் பிரித்ததாகச் சொல்ல முடியாது.

அதே மனிதர் லொறியில் ஏற்றக்கூடிய அளவில் ஒரு பைபர் படகை வாங்கி, மே மாதத்தில் கிழக்குக்குக் கொண்டுபோனால் கதை வேறு. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவம் மாறும்போது கிழக்கே சென்று வாடியடித்துத் தொழில் செய்வது பல காலமாக நடப்பதுதான். ஆனால் மீனைப் பிடித்து விற்பதும் பயணிகளை ஏற்றுவதும் ஒன்றல்ல. பல துறைகளில் படகுச் சங்கங்கள் முறை வைத்தே பயணிகளை ஏற்றுகின்றன. வெளியூர்க்காரருக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது இலகுவல்ல. உள்ளூர்க்காரர் ஒருவரைப் பங்காளியாகச் சேர்க்காமல் இதில் இறங்குவது புத்தியல்ல. பங்கு எவ்வளவு, பழுது யாருடைய பொறுப்பு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

இரண்டுக்கும் ஒரே படகு போதாதா?

'கடலுக்கு வாங்கினால் ஆற்றிலும் ஓட்டலாம்தானே?' என்பது பலருடைய எண்ணம். ஓட்டலாம். ஆனால் இரண்டிலும் அரைகுறையாகவே ஓடும்.

கடல் படகின் அடிப்பாகம் ஆழமான வீ வடிவில் இருக்கும். அலையை வெட்டிக்கொண்டு போவதற்கு அது அவசியம். ஆற்றுக்கு வேண்டியது தட்டையான அடி. ஆழம் குறைந்த இடத்தில் தட்டாது, நின்றால் ஆடாது, வயதானவர்களும் பிள்ளைகளும் பயமின்றி ஏறி இறங்கலாம். தட்டையான அடிகொண்ட படகைக் கடலுக்கு எடுத்தால் ஒவ்வொரு அலையிலும் பலகையால் அடித்தது போல விழும். பயணியின் முதுகும் படகின் உடலும் சேர்ந்து பழுதாகும். இன்னொன்று: கடல் நீர் நல்ல நீரைவிட ஏறத்தாழ இரண்டரை வீதம் அடர்த்தியானது. அதனால் அதே சுமையுடன் ஆற்றில் படகு சற்று ஆழ்ந்துதான் மிதக்கும்.

இஞ்சினிலும் இதே கதைதான். ஆற்றுப் பயணம் மெதுவாகப் போகும் பயணம். சதுப்பு மரங்களையும் பறவைகளையும் பார்க்க வந்தவருக்கு வேகம் தேவையில்லை. சிறிய இஞ்சின் போதும். கடலில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராகத் திரும்பி வரும் பலம் வேண்டும். ஒன்று நின்றுவிட்டால் கரைசேர இன்னொன்றும் வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் பெற்றோல் இஞ்சின் முழு வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு 10 குதிரைவலுவுக்கும் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றர் குடிக்கும் என்பது பொதுவான கணக்கு. 40 குதிரைவலு என்றால் 15, 16 லீற்றர். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்னும் கூடுதலாகக் குடிக்கும்.

எரிபொருள் கடல் படகின் பெரிய எதிரி என்பதை 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அந்த ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் இஞ்சினை நம்பியிருந்த சிறு படகுக்காரர் பலர் கரையிலேயே நின்றார்கள். மணிக்கு 4 லீற்றர் எரிக்கும் படகு அப்படியான அதிர்ச்சியைத் தாங்கும். 16 லீற்றர் எரிக்கும் படகு தாங்குவது கடினம்.

உப்பும் சேறும்

கடலில் உப்பு அரிக்கும். ஒவ்வொரு நாளும் ஓட்டி முடிந்ததும் இஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இதைச் சம்பளத்துக்கு இருக்கும் ஓட்டி செய்கிறாரா என்று முதலாளி கண்ணால் பார்க்க வேண்டும். ஆற்றில் உப்புக் குறைவு என்றாலும் சேறும் மணலும் தண்ணீர் பம்பின் இறப்பர் இறகுகளைத் தேய்த்துவிடும். பொலித்தீன் பையும் நீர்ப்பாசியும் விசிறியில் சுற்றும்.

பலர் கவனிக்காத ஒரு சிறு விடயம், இஞ்சினின் உலோகத்தைக் காப்பதற்காகப் பூட்டப்படும் உலோகக் கட்டி. அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு இஞ்சினைக் காப்பதே அதன் வேலை. கடலுக்கு சிங்க் கட்டி பொருந்தும். அதே கட்டி நல்ல தண்ணீரில் மேலே படிவு பிடித்து வேலை செய்யாமல் போகும். நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம் பொருந்தும். அதைக் கடலில் விட்டால் வெகு சீக்கிரம் கரைந்துவிடும். களப்பு போன்ற உவர் நீருக்கும், இரண்டிலும் ஓடும் படகுக்கும் அலுமினியக் கட்டி நல்லது. சிறிய செலவு, ஆனால் அதை மறந்தால் அரிக்கப்படுவது இஞ்சினின் உடல்.

பழைய படகு வாங்குபவர்கள், இஞ்சின் முன்னர் எங்கே ஓடியது என்று விசாரிப்பது இதற்காகத்தான். ஆற்றில் ஓடிய இஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோகலாம். கடலில் கழுவாமல் ஓடிய இஞ்சின், வெளியே புதுப் பெயின்ற் பூசியிருந்தாலும் உள்ளே அரித்துப் போயிருக்கும். இஞ்சின் பூட்டும் பின்பலகையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் பைபருக்குள் இருக்கும் பலகை ஊறி உக்கியிருக்கலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அவ்விடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆற்றுப் படகு: முதல் 20 இலட்சம். தேய்மானம், பழுது, காப்புறுதி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 4 இலட்சம். ஒரு பயணத்துக்கு 7,000 ரூபா வருகிறது. எரிபொருள், ஓட்டி, தரகு போக 3,500 மிச்சம். அப்படியானால் 115 பயணம் ஓடினால் வருடச் செலவு அடைபடும். ஓடக்கூடிய நாட்கள் 300 என்று வைத்தால், மூன்று நாளைக்கு ஒரு பயணத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தால் போதும்.

கடல் படகு: முதல் 50 இலட்சம். வருடச் செலவு 11 இலட்சம். பயணத்துக்கு 30,000 ரூபா வருகிறது. எல்லாம் போக 12,000 மிச்சம். 92 பயணத்தில் செலவு அடைபடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீசன் ஐந்தரை மாதம். அதில் காற்று விடாத நாட்களைக் கழித்தால் 120 நாள்தான் மிஞ்சும். நான்கு நாளில் மூன்று நாள் ஓடினால்தான் முதல் கரை சேரும்.

120 நாளும் ஓடினால் கடல் படகில் 3 இலட்சத்து 40 ஆயிரம் மிச்சம். ஆற்றுப் படகு 180 பயணம் ஓடினால் 2 இலட்சத்து 30 ஆயிரம் மிச்சம். இரண்டிலும் 30 பயணம் குறைந்துவிட்டது என்று வையுங்கள். ஆற்றில் அப்போதும் 1 இலட்சத்து 25 ஆயிரம் மிஞ்சும். கடலில் 20,000 நட்டம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் 2020 கொரோனாவும் உல்லாசப் பயணத்துறையை எப்படி ஒரேயடியாக நிறுத்தின என்பதைக் கண்ட நமக்கு, 30 பயணம் குறைவது ஒரு பெரிய கற்பனையல்ல. மாதத் தவணை கட்டுபவர் இந்த இடத்தில் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

பத்திரமும் பாதுகாப்பும்

மீன்பிடிப் படகாகப் பதிந்த படகில் பயணிகளை ஏற்றலாம் என்று தாமாகவே எண்ணிவிடக் கூடாது. கடற்றொழில் திணைக்களப் பதிவு வேறு, பயணிகள் அனுமதி வேறு. காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியுள்ள பாவனைக்கு வெளியே விபத்து நடந்தால் நட்டஈடு கேட்பதும் சிரமம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா; அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் விதியே விதி. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைத் தொடர் 1992 முதல் கடல்சார் சரணாலயம். மாதுகங்கை 2003 முதல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த றம்சார் ஈரநிலம். பாறையை உடைக்கும் நங்கூரமும், டொல்பினைத் துரத்தும் வேகமும் இன்றைக்கு இரண்டு பயணியைத் தரலாம்; நாளைக்குத் தொழிலையே கெடுக்கும்.

'ஆறு அமைதியானது, உயிர்காப்பு அங்கி எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. அது ஆழ்கடலல்ல, தினமும் கடக்கும் நீர். ஆற்றிலானாலும் கடலிலானாலும் ஏறுகின்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி, எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட இல்லை என்ற கட்டுப்பாடு வேண்டும். இடி மின்னல் கூடிய மாதங்களில் பின்னேரப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது; திறந்த படகில் ஒதுங்க இடமில்லை.

எதை வாங்குவது?

முதலாவது படகு ஆற்றில் ஓடி, சீசனில் பயணிகளைத் திருப்பியனுப்ப வேண்டிய நிலை உங்களுக்கு வருடத்தில் அறுபது, எழுபது தடவை வருகிறதென்றால், இரண்டாவதையும் ஆற்றுக்கே வாங்குங்கள். ஓட்டியும் உதிரிப் பாகமும் துறையும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றது கை கொடுக்கும்.

ஆற்றில் ஏற்கெனவே படகுகள் நிறைந்து, விலையை வெட்டி ஓட்டும் போட்டி வந்துவிட்டது என்றால் கடலைப் பார்க்கலாம். ஆனால் மூன்று விடயங்கள் கையில் இருக்க வேண்டும்: அந்தக் கடலிலேயே வளர்ந்த ஓர் ஓட்டி, ஒரு முழு சீசன் கைவிட்டாலும் தவணை கட்டக்கூடிய கையிருப்பு, முன்கூட்டியே பயணிகளை ஒழுங்குசெய்து தரும் இரண்டு மூன்று ஹோட்டல்கள். இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு வருடம் பொறுங்கள். அந்த ஒரு வருடத்தில் வேறொருவரின் கடல் படகை சீசனுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தால், எந்தத் தரகரும் சொல்லாத உண்மைக் கணக்கு உங்கள் கொப்பியிலேயே இருக்கும்.

'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்பார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு படகு தேடுபவர் நிற்கும் இடம் அதுதான். எந்தத் தண்ணீர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். படகை அதற்குப் பிறகு தேடலாம்.