நினைவேந்தல் கட்டுரைக்கு நடுவே வட்டிக்கடை விளம்பரம் வருவது எப்படி?

ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் எங்களுக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "முள்ளிவாய்க்கால் பற்றிய கட்டுரைக்கு நடுவே கலியாணப் புடவை விளம்பரம் போடுகிறீர்களே, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா?" காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய போராட்டம் பற்றிய செய்திக்குக் கீழே, அரை மணித்தியாலத்தில் கடன் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பியவர்களும் உண்டு. இன்னும் சிலர் குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்பார்கள்: "நான் நேற்று வீட்டில் கதைத்தது இன்றைக்கு விளம்பரமாக வருகிறது. எங்களை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்களா?"

செய்தித்தளம் ஒன்றின் தொழில்நுட்ப வேலைகளைப் பார்ப்பவன் என்ற முறையில் இந்த இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இடையில் வரும் சில சொற்களைத் தெரிந்து வைத்திருப்பது உங்களுக்கு நல்லது. அவை கைத்தொலைபேசியில் தினமும் உங்கள் முன்னால் வந்து போகிற சொற்கள்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பத்திரிகை விளம்பரம் போல இதை நாங்கள் வாங்கி, பார்த்து, பக்கத்தில் ஒட்டுவதில்லை. நாங்கள் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தை மட்டும் விடுகிறோம். ஆங்கிலத்தில் அதை 'ஸ்லொட்' என்பார்கள். நீங்கள் கட்டுரையைத் திறக்கும் கணத்தில் அந்த வெற்றிடம் ஏலத்துக்குப் போகிறது. கரையில் மீன் கூடையை இறக்கியவுடன் ஏலம் கூறுவார்களே, அதே மாதிரிதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கூறுவதும் கேட்பதும் கணினிகள். எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். 'ரியல் டைம் பிட்டிங்' என்பது இதன் பெயர். உங்கள் திரையில் எழுத்துகள் தோன்றி முடிவதற்குள் புடவைக் கடையோ கடன் நிறுவனமோ அந்த இடத்தை வென்றிருக்கும். எது வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் அதே கட்டுரையைத் திறந்தால் அவருக்கு வேறு விளம்பரம் வரும்.

அப்படியானால் ஏலம் கேட்பவர் உங்களைப் பற்றி என்ன தெரிந்து கேட்கிறார்? இங்கேதான் 'குக்கீ' வருகிறது.

1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுலி என்ற பொறியியலாளர் உருவாக்கியது இது. இணையத்தளங்களுக்கு அப்போது ஞாபகசக்தி இல்லை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் நீங்கள் புது ஆள். அதைச் சரிசெய்ய, உங்கள் உலாவியிலேயே ஒரு சிறு குறிப்பை விட்டுவைக்கும் வழியை அவர் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி கிளினிக் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது இலக்கம் எழுதிய ஒரு மட்டை. வருத்தம் என்ன, எப்போது வந்தீர்கள் என்பதெல்லாம் அவர்களிடம் உள்ள கோப்பில் இருக்கிறது. குக்கீயும் பெரும்பாலும் அப்படி ஒரு இலக்கம்தான். கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் கேட்காமல் ஒரு தளம் உங்களை உள்ளே விடுவது இதனால்தான். அதில் தவறேதும் இல்லை.

சிக்கல் 'மூன்றாம் தரப்புக் குக்கீ'யில் இருக்கிறது. ஆஸ்பத்திரி, கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாவற்றின் வாசலிலும் ஒரே ஆள் நின்று, ஒரே அட்டையைப் பார்த்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அவருக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டியதில்லை. காலையில் எங்கே போனீர்கள், மாலையில் எதை விசாரித்தீர்கள் என்பது போதும். ஆயிரக்கணக்கான தளங்களில் விளம்பர இடம் வைத்திருக்கும் வலையமைப்பு செய்வது அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு புள்ளிப் படத்தைப் பக்கத்தில் வைத்தும் இதைச் செய்வார்கள். அதற்கு 'பிக்சல்' என்று பெயர். ஒரு கடையின் தளத்தில் தையல் இயந்திரம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பிறகு செய்தி படிக்கும் இடமெல்லாம் அதே தையல் இயந்திரம் பின்னால் வருகிறதே, அது 'ரீடார்கெட்டிங்'.

எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு தொலைபேசியை மூன்று பேர் பாவிக்கிறார்கள். மகன் வெளிநாட்டு வேலை தேடுகிறான், மகள் வகுப்புக் காணொளி பார்க்கிறாள், அம்மா செய்தி வாசிக்கிறார். அட்டை ஒன்றுதான். ஆகவே மகன் தேடியது அம்மாவின் கட்டுரைக்கு நடுவே வருகிறது. ஒரே வைஃபையில் இருந்தால் தனித்தனித் தொலைபேசியாக இருந்தாலும் இது நடக்கலாம், ஏனென்றால் வெளியே தெரிகிற 'ஐபி முகவரி' ஒன்றுதான். "கதைத்ததைக் கேட்டுவிட்டார்கள்" என்று நாங்கள் நினைக்கிற பல சந்தர்ப்பங்களில், வீட்டில் வேறொருவர் அதைத் தேடியிருப்பார்.

இனிக் காசு விசயம். 1994 ஒக்டோபர் 27 அன்று ஹொட்வயர்ட் என்ற அமெரிக்கத் தளத்தில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. இணையத்தின் முதலாவது 'பனர்' விளம்பரங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அன்றிலிருந்து கணக்குப் பார்க்கும் முறை இரண்டு. விளம்பரம் ஒரு தடவை திரையில் காட்டப்பட்டால் அது ஒரு 'இம்பிரெஷன்'. ஆயிரம் இம்பிரெஷனுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது 'சிபிஎம்'. அழுத்தினால் மட்டும் காசு என்பது 'சிபிசி'. நூறு தடவை காட்டியதில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற வீதம் 'சிடிஆர்'. சிபிஎம் ஒரு டொலர் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் தடவை காட்டினால்தான் பத்து டொலர்.

இந்தக் கணக்கில் தமிழுக்கு இடம் கிடைத்ததே பிந்தித்தான். சிறு தளங்கள் அதிகம் பாவிக்கிற கூகிள் அட்சென்ஸ் 2003 இல் தொடங்கியது. தமிழ் மொழித் தளங்களை அது ஏற்றுக்கொண்டது 2018 இல். பதினைந்து வருடம். யுத்தம் உச்சத்தில் இருந்த, முகாம்களில் சனம் அடைபட்டுக் கிடந்த வருடங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். அப்போது தமிழில் செய்தி எழுதிய சிறு தளங்கள் பெரும்பாலும் கைக்காசிலும் புலம்பெயர்ந்தவர்களின் உதவியிலும்தான் ஓடின. இப்போதும் கணக்கில் நூறு டொலர் சேரும் வரை காசு வெளியே வராது.

இன்னொன்று, எல்லா வாசகருக்கும் ஒரே விலை இல்லை. டொரன்டோவில் இருந்து கட்டுரையைத் திறப்பவருக்கு விளம்பரம் காட்ட நிறுவனங்கள் கொடுக்கும் விலை, முல்லைத்தீவில் இருந்து திறப்பவருக்குக் கொடுப்பதைவிட அதிகம். அங்கே வாங்கும் சக்தி கூட, ஏலம் கேட்பவர்களும் கூட. ஒரு மீனவர் சங்கத்தின் பிரச்சினையைத் தேடி எழுதுவதைவிட, வெளிநாட்டில் இருப்பவர் பரபரப்பில் அழுத்தக்கூடிய தலைப்பு ஒன்றைப் போடுவது ஏன் சில தளங்களுக்கு இலகுவாகிவிட்டது என்பதை நீங்களே விளங்கிக்கொள்ளலாம். "சற்றுமுன் வெளியான அதிர்ச்சித் தகவல்" என்று தூண்டில் போடுவதற்கு 'கிளிக்பெய்ட்' என்று பெயர்.

நல்லெண்ணத்தில் சிலர் எழுதுவார்கள்: "உங்களுக்கு உதவியாக எல்லா விளம்பரத்தையும் நான் அழுத்துகிறேன்." தயவுசெய்து வேண்டாம். ஒரே ஆள் திரும்பத் திரும்ப அழுத்துவதை வலையமைப்புகள் 'செல்லுபடியாகாத கிளிக்' என்று பிரித்தெடுக்கும். தளம்தான் ஏமாற்றுகிறது என்று முடிவுசெய்து கணக்கையே மூடிவிடவும் கூடும்.

எனக்கு அதிகம் உறுத்துகிற சொல் ஒன்று இருக்கிறது. 'பிராண்ட் சேஃப்டி'. விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் கெட்டுப்போகாமல் பாதுகாப்பது என்று பொருள். தங்கள் சவர்க்கார விளம்பரம் பிணங்களின் படத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று ஒரு நிறுவனம் நினைப்பது நியாயம்தான். ஆனால் அதை நடைமுறைப்படுத்துவது சொற்பட்டியல்கள். கொலை, குண்டு, இறப்பு, யுத்தம் போன்ற சொற்கள் உள்ள பக்கங்களைத் தவிர்க்கும்படி இயந்திரத்துக்குச் சொல்லிவிடுவார்கள். இயந்திரத்துக்கு வன்முறையைத் தூண்டும் எழுத்தும், வன்முறைக்கு நீதி கேட்கும் எழுத்தும் ஒன்றுதான். 2020 இல் கொரோனா என்ற சொல் இப்படிப் பட்டியல்களில் ஏறியதால், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பத்திரிகைகளே தொற்றுநோய்ச் செய்திகளுக்கான விளம்பர வருமானத்தை இழந்தன. அவர்களுக்கு அது சில மாதக் கதை. எங்களுக்கோ, நடந்ததை நடந்தபடி எழுதினால் அந்தச் சொற்கள் இல்லாமல் ஒரு பந்தியும் எழுத முடியாது. ஷெல் விழுந்தது என்பதை வேறு எப்படி எழுதுவது?

இதன் விளைவுதான் மே மாதத்தில் நீங்கள் காண்பது. பெயருக்குப் பயப்படும் பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கங்களின் ஏலத்திலிருந்து ஒதுங்கிவிட்டால், மிஞ்சுவது பெயரைப் பற்றிக் கவலைப்படாதவர்கள். உடனடிக் கடன், ஒரே வாரத்தில் நரை மாறும் எண்ணெய், ஐரோப்பாவில் வேலை. கேட்க ஆள் குறைந்த கூடை மலிவாகப் போவது போல, அந்த இடங்கள் அவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும்.

அந்த விளம்பரங்களை அழுத்தினால் போய்ச் சேரும் பக்கம் 'லாண்டிங் பேஜ்'. அங்கே பெயர், தொலைபேசி இலக்கம், சில வேளை அடையாள அட்டை இலக்கம் கேட்கும் படிவம் இருக்கும். நீங்கள் நிரப்பிக் கொடுத்தால் நீங்கள் ஒரு 'லீட்'. அதாவது விற்கக்கூடிய ஒரு முகவரி. ஒரு கிளிக்கைவிட லீட்டுக்கு விலை பல மடங்கு. நீங்கள் ஒரு கடன் நிறுவனத்துக்குக் கொடுத்ததாக நினைத்த இலக்கத்துக்கு நாலு இடத்திலிருந்து அழைப்பு வருவது இப்படித்தான். நுண்கடன் வன்னியில் பெண் தலைமைக் குடும்பங்களை என்ன பாடுபடுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. முன்பு படலைக்கு வந்தவர்கள் இப்போது திரைக்குள் வருகிறார்கள். வேலை விளம்பரமும் இப்படியே. மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் இலங்கையர் அடைபட்டது, தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போய்த்தான். எந்த முகவர் நிலையமாக இருந்தாலும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். விளம்பரத்தின் மூலையில் "அனுசரணை" என்று இருப்பது, காசு கொடுத்துப் போட்டது என்பதை மட்டுமே காட்டும். பேஸ்புக்கோ கூகிளோ விசாரித்து உறுதிசெய்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இனிக் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்வி. விளம்பர வலையமைப்பு உங்களைக் கவனிப்பது விற்பதற்காக. விசாரணைப் பிரிவின் வேலை வேறு, அவர்களுக்கு வழிகளும் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எது உங்களை மறைக்கும், எது மறைக்காது என்பதில் பிழையான நம்பிக்கையும் கூடாது. பலர் 'இன்கொக்னிட்டோ' பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள். அது உங்கள் தொலைபேசியில் பார்த்த வரலாறு மிஞ்சாமல் செய்யும், அவ்வளவுதான். தொலைபேசியை வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆனால் டேட்டா தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால் அந்தத் தளத்தில் எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது வழியில் நிற்பவருக்குத் தெரியாது. தளத்தின் பெயர் பெரும்பாலும் தெரியும்.

"எல்லாக் குக்கீகளையும் ஏற்கிறேன்" என்ற பொத்தான் 2018 மே 25 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இவ்வளவு பரவலானது. இலங்கையிலும் 2022 இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காமல், அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் சிறிதாக இருக்கும் "நிராகரி" என்பதை அழுத்துங்கள். கட்டுரை அநேகமாக அப்படியே திறக்கும். உலாவி அமைப்புகளுக்குள் போய் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கலாம், பழையவற்றை அழிக்கலாம். அழித்தால் சில தளங்களில் கடவுச்சொல்லைத் திரும்பக் கொடுக்க வேண்டி வரும். அருவருப்பான விளம்பரத்தின் மூலையில் உள்ள சிறு அடையாளத்தைத் தொட்டால், அதைக் காட்ட வேண்டாம் என்று சொல்லும் வழி இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. சோதிடம், துணை தேடல், விரைவில் பணக்காரராவது போன்ற வகைகளை நாங்கள் தடுத்து வைத்திருக்கிறோம். கடன் விளம்பரங்களை ஒவ்வொரு முகவரியாகத்தான் தடுக்கிறோம், நாளைக்கு அவர்கள் புது முகவரியில் வருவார்கள். ஆகவே படம் பிடித்து அனுப்பும்போது, அழுத்தாமல், அதில் தெரியும் தளத்தின் பெயரும் படத்துக்குள் வரும்படி அனுப்புங்கள். நினைவேந்தல் கட்டுரைகளில் இந்த வருடம் முதல் வெற்றிடமே விடுவதில்லை. அந்தப் பக்கங்களால் வரும் சில டொலர்கள் இல்லாமல் எங்களால் சமாளிக்க முடியும்.