இசைத்தட்டு மதிப்புரையில் பாடத் திறனாய்வு நெறி

ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கப் புகுவோர், ஏட்டிற் கண்ட பிழையனைத்தும் நூலாசிரியர் பிழை எனக் கொள்வதில்லை. எழுதினோர் பிழை யாது, ஏட்டின் சிதைவால் நேர்ந்தது யாது எனப் பகுத்தறிந்த பின்னரே மூலபாடத்தைத் துணிவர். கருநாடக இசைப் பதிவுகளை மதிப்பிடுவோர்க்கும் இந்நெறி இன்றியமையாதது என்பது எம் கருத்து.

முதற்கண் தட்டின் இயல்பை நோக்குவோம். பழைய 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே கொள்ளும். ஆதலின் ஆலாபனை சுருங்குவதும் சரணம் விடுபடுவதும் தட்டின் எல்லையால் நேர்வன. அவற்றைப் பாடகரின் கற்பனை வறுமை எனல் பொருந்தாது. மேலும், பழைய தட்டுகள் எல்லாம் நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் அளவிற் பதிவானவை அல்ல. 74 சுற்றிற் பதிவானதொன்றை 78 சுற்றில் ஒலிப்பின், சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் உயரும், காலப்பிரமாணமும் விரையும். சுரங்களுக்கிடையேயுள்ள விகிதம் மாறாமையின் இராகம் கெடாது. எனவே செவிக்கு ஐயம் தோன்றுவதில்லை. இதனை ஆராயாது, ‘இவர் மிக உயர்ந்த சுருதியில் விரைந்து பாடுவார்’ என்று எழுதுவோர் பொறியின் செயலைப் பாடகர் மேல் ஏற்றுகின்றனர்.

இனிச் சொல்லை நோக்குவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்கும் ஓசூர்ப் பகுதி இதற்குத் தக்க சான்று தருகின்றது. இற்றைக் கிருட்டிணகிரி மாவட்டத்தில், ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த இராசாசி இயற்றிய பாடல் ‘குறை ஒன்றும் இல்லை’ என்பது. கடையநல்லூர் வெங்கடராமன் இசையமைக்க, எம். எஸ். சுப்புலட்சுமி பாடிப் பரப்பிய இப்பாடல் சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி ஆகிய மூன்று இராகங்களால் அமைந்த இராகமாலிகை. பின்வந்தோர் பலரும் இதனைப் பாடிப் பதிந்துள்ளனர்.

இப்பாடலில் இரங்குதல், இறங்குதல் என்னும் இரு வினைகள் அணித்தணித்தே வருகின்றன. முன்னது அருளுள்ளத்தையும் பின்னது அவ்வருளால் நிகழ்ந்த வருகையையும் குறிக்கும். இற்றைக் கன்னட, தெலுங்கு எழுத்து வழக்கில் றகரம் மறைந்துபோயிற்று. ஆதலின் அவ்வெழுத்துகளிற் பாடலை எழுதிப் பயில்வார்க்கு இரு சொல்லும் ஒரு வடிவினவாகும்; காரணமும் காரியமும் ஒன்றாய் மயங்கும். ஒருவர் பதிவில் இம்மயக்கம் காணப்படின், அவர் எவ்வெழுத்திற் பயின்றார் என்று வினவுதல் மதிப்புரையாளர் கடன். எனினும் தமிழர் பேச்சிலேயே இவ்வேறுபாடு பல இடங்களில் மங்கியுள்ளமையின், பிறமொழி எழுத்தையே காரணமாகத் துணிதலும் கூடாது.

இதன் மறுதலையும் உண்டு. தமிழெழுத்தில் ககரம் ஒன்றே பல ஒலிகட்கு நிற்றலின், தெலுங்குக் கீர்த்தனைகளை அச்சிடுவோர் எழுத்தின்மேல் எண் இட்டு வேறுபடுத்துவர். எண் விடுபட்ட நூலைக் கொண்டு பயின்றவரின் உச்சரிப்புப் பிழையும் இவ்வகையினதே.

யாப்பில் வகையுளி போன்று, இசையிலும் தாளத்திற்காகச் சொல் பிளவுறுவதுண்டு. அப்பிளவு மெட்டிலேயே உள்ளதா, பாடகர் செய்ததா என்பதைப் பல பதிவுகளை ஒப்பிட்டே அறிதல் இயலும்.

எனவே, பதிவின் ஆண்டு, சுற்றளவு, அரங்கப் பதிவோ கூடப் பதிவோ என்பது, பாட வேறுபாடு ஆகியவற்றை மதிப்புரையின் முதலிலேயே குறித்தல் வேண்டும். இக்காலத்துப் பழம்பதிவுகள் இக்குறிப்புகள் இன்றியே கைபேசிகளில் உலவுகின்றமையின் இக்கடமை மேலும் பெருகுகின்றது. மறைந்த பாடகர்க்கு மறுமொழி கூறும் வாய்ப்பில்லை. இன்றைய மதிப்புரையோ நாளை இசை வரலாற்றிற்குச் சான்றாகும். பொறியாலும் ஏட்டாலும் நேர்ந்தவற்றைக் களைந்த பின்னர் எஞ்சுவது எதுவோ அதனையே பாடகர் குறையெனக் கூறுதல் முறையாகும்.